மூச்சை எவ்வளவு நேரம் அடக்கலாம்?

(மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவன்)

முன்னுரை

உணவின்றி மனிதன் சில வாரங்கள் உயிர் வாழ்ந்துவிடுகிறான். நீரின்றிச் சில நாள்கள் தாக்குப் பிடிக்கிறான். காற்றின்றியோ சில நிமிடங்களுக்கு மேல் அவனால் வாழ இயலாது. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 20,000 முறை நாம் மூச்சு விடுகிறோம். அவற்றுள் ஒன்றையேனும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மூச்சு இருதிறப்பட்ட ஒரு செயல். இதயத்தை ‘நில்’ என்றால் அது நிற்பதில்லை. இரைப்பை நம் ஆணைக்குக் காத்திருப்பதில்லை. கையும் காலும் நம் விருப்பப்படியே இயங்குகின்றன. மூச்சு மட்டும் நாம் நினைத்தால் நமக்கு அடங்குகிறது. நினைக்காதபோது தானே நடக்கிறது. ஆனால் அந்த அடக்கத்திற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை எங்கே இருக்கிறது, அதை வகுப்பது எது, அதைத் தாண்ட முயன்றால் என்ன நேரும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். நீச்சல் தெரிந்த மாணவ நண்பர்கள் இதைச் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். காரணம் கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும்.

ஒரு சிறு சோதனை

நாற்காலியில் அமர்ந்தபடி, நண்பர் ஒருவர் கடிகாரம் பார்க்க, என் மீதே ஒரு சோதனை செய்து பார்த்தேன். இயல்பாக மூச்சு இழுத்து அடக்கியபோது 35 விநாடி தாங்கினேன். நெஞ்சு நிறைய இழுத்து அடக்கியபோது 62 விநாடி. உள்ளிருந்த காற்றை எல்லாம் வெளிவிட்டு அடக்கியபோதோ 22 விநாடிதான். உடல்நலமுள்ள ஒருவர் பயிற்சி ஏதுமின்றி முழு மூச்சுடன் அடக்கினால் ஏறத்தாழ ஒரு நிமிடம் தாங்குவார் என்று உடலியல் நூல்கள் கூறுகின்றன. ஆகவே என் கணக்கு பெருமைப்படத் தக்கதும் அன்று, வெட்கப்படத் தக்கதும் அன்று.

இங்கே ஒரு சுவையான செய்தியைச் சொல்லலாம். பிராணாயாமத்தில் மூச்சை உள்ளிழுத்தல் பூரகம், உள்ளே நிறுத்துதல் கும்பகம், வெளிவிடுதல் இரேசகம் எனப்படும். இவற்றுக்கு முறையே 16, 64, 32 மாத்திரை எனத் திருமூலர் கணக்கு வகுத்துள்ளார். கண் இமைக்கும் நேரமோ கை நொடிக்கும் நேரமோ ஒரு மாத்திரை என்பது தொல்காப்பியர் தரும் இலக்கணம். அவ்வளவையே இங்கும் கொண்டால் ஒரு மாத்திரை ஒரு விநாடிக்கு உட்பட்டதே. அப்படியானால் 64 மாத்திரை என்பது ஒரு நிமிடத்திற்கு உட்பட்டதாகும். இயல்பான மனிதன் தாங்கும் எல்லைக்குள்ளேயே அக்கணக்கு அமைந்துவிடுகிறது.

கையிருப்பு எவ்வளவு?

ஓய்வாக இருக்கும் மனிதனின் உடல் நிமிடத்திற்குச் சுமார் 250 மில்லிலிட்டர் பிராண வாயுவைச் செலவிடுகிறது. முழு மூச்சு இழுத்த நிலையில் நுரையீரலிலும், இரத்தத்திலும், தசைகளிலுமாகச் சேர்ந்திருக்கும் பிராண வாயு ஏறத்தாழ 2 லிட்டர். வரவு நின்று செலவு மட்டும் நடந்தால் கையிருப்பு எட்டு நிமிடம் வர வேண்டும். ஆனால் கடைசித் துளி வரை செலவிட முடியாது. இரத்தத்தில் பிராண வாயு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் மூளை மயங்கிவிடும். எனவே பாதியளவே நம் பயனுக்கு வரும் என்று வைத்துக்கொண்டாலும் நான்கு நிமிடம் தாங்கியிருக்க வேண்டும்.

நானோ 62 விநாடியிலேயே கைவிட்டேன். அந்த நேரத்தில் என் இரத்தத்தில் பிராண வாயு பெரிதாகக் குறைந்துவிடவில்லை. அப்படியிருக்க, மூச்சு முட்டியது ஏன்? இக்கேள்விதான் இந்தப் பொருளின் மையம்.

எச்சரிக்கும் வாயு

பிரிட்டிஷ் அறிஞர்களான ஹால்டேன், பிரீஸ்ட்லி ஆகிய இருவரும் 1905-ஆம் ஆண்டு ஓர் உண்மையை நிறுவினர். நம்மை மூச்சு விடச் செய்வது முதன்மையாகப் பிராண வாயுவின் குறைவு அன்று. கரியமில வாயுவின் பெருக்கமே ஆகும். தமனி இரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் இயல்பாக 40 மி.மீ. பாதரசம். இது சிறிது கூடினாலும் மூளையின் அடிப்பகுதியான முகுளம் உணர்ந்து, மூச்சு விடுமாறு தசைகளை ஏவுகிறது. கழுத்துத் தமனியை ஒட்டிய உணர் உறுப்புகள் பிராண வாயுவின் குறைவையும் கண்டறிந்து சொல்கின்றன. இவ்வுறுப்புகளின் பங்கைக் கண்டறிந்த பெல்ஜிய அறிஞர் ஹேமன்சுக்கு 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. எனினும் முதலில் ஒலிக்கும் மணி கரியமில வாயுவின் மணியே. அதன் அழுத்தம் 50 மி.மீ. அளவை நெருங்கும்போது பயிற்சியற்றவர் பெரும்பாலும் வாயைத் திறந்துவிடுகிறார்.

வாயுக்களின் கணக்கோடு இது முடிந்துவிடவில்லை. 1954-ஆம் ஆண்டு ஃபௌலர் என்னும் அமெரிக்க உடலியலார் ஒரு சோதனை செய்தார். மூச்சடக்கி இனித் தாங்க முடியாது என்ற நிலைக்கு வந்தவர்களைத் தூய காற்றுக்குப் பதிலாக, பிராண வாயு குறைந்ததும் கரியமில வாயு மிகுந்ததுமான கலவையைச் சுவாசிக்கச் செய்தார். இரத்தத்தின் நிலை இதனால் சீரடையவில்லை. ஆயினும் அவர்களுக்குத் துன்பம் நீங்கியது. மறுபடியும் மூச்சடக்க முடிந்தது! மார்பும் உதரவிதானமும் அசைந்ததே அந்த ஆறுதலைத் தந்தது.

1967-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. கேம்ப்பெல்லும் அவருடைய குழுவினரும், தாமாக முன்வந்தவர்களுக்குக் குராரி என்னும் மருந்து செலுத்தி உடல் தசைகளை எல்லாம் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்தனர். சைகை காட்டுவதற்காக ஒரு கை மட்டும் மருந்து சேராதபடி கட்டப்பட்டிருந்தது. செயற்கை மூச்சுக் கருவி நிறுத்தப்பட்டபோது, அவர்கள் இயல்பாகத் தாங்கும் நேரத்தைப்போல் இருமடங்கு நேரம் வேதனையின்றித் தாங்கினர். ஆக, மூச்சு முட்டுதல் என்பது பெருமளவுக்கு, சுருங்கத் துடிக்கும் உதரவிதானம் மூளைக்கு அனுப்பும் முறையீடு எனலாம்.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு ஒன்று உண்டு. நமக்கு எல்லையாகத் தோன்றுவது உண்மையான எல்லை அன்று. அது எல்லைக்கு வெகு முன்னால் நடப்பட்டிருக்கும் எச்சரிக்கைப் பலகை. பலகைக்கும் பள்ளத்திற்கும் இடையே சற்று வெளி இருக்கிறது. அந்த வெளியில்தான் முத்துக் குளிப்போரும் சாதனையாளரும் நடமாடுகின்றனர். அங்கேதான் பலர் உயிரிழக்கவும் செய்கின்றனர்.

கடலுக்குள் மனிதர்

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு உலகறிந்தது. கொற்கை முத்து சங்க இலக்கியத்தில் இடம்பெற்றது. 13-ஆம் நூற்றாண்டில் வெனிசு நகரத்துப் பயணி மார்க்கோ போலோவும் இத்தொழிலை விவரித்துள்ளார். தூத்துக்குடிப் பகுதியில் 1955-இல் தொடங்கி 1961 வரை நடந்ததே கடைசியாக நடைபெற்ற முத்துச் சலாப வரிசை. சங்கு குளிப்போர் அதன் பின்னரும் கடலில் இறங்கினர்.

குளியாளி காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார். கல் அவரை அடிநிலத்திற்கு விரைவாகக் கொண்டு சேர்க்கும். அங்கே கல்லை விட்டுவிட்டுச் சிப்பிகளைக் கூடையிலோ வலைப்பையிலோ வாரிப் போடுவார். கயிற்றை அசைத்ததும் தோணியில் இருப்பவர் மேலே இழுத்துக்கொள்வார். ஒரு முழுக்கு பெரும்பாலும் ஒரு நிமிடத்தை ஒட்டியே முடிந்துவிடும். இம்முறையை உடலியல் கண்கொண்டு பார்த்தால் அதன் அருமை புலப்படும். இறங்குவதற்குக் கல் உழைக்கிறது. ஏறுவதற்கு மேலே இருப்பவரின் தோள் உழைக்கிறது. குளியாளியின் கையிருப்புப் பிராண வாயு சிப்பி பொறுக்குவதற்கு மட்டுமே செலவாகிறது.

தென்கொரியாவின் ஜெஜு தீவில் ‘ஹேன்யோ’ எனப்படும் பெண்கள் இன்றும் கருவிகளின்றி முழுகிக் கடற்படு பொருள்களைச் சேகரிக்கின்றனர். அவர்களுள் முதியோரும் பலர். சுமார் 10 மீட்டர் ஆழத்தில், முழுக்கு ஒன்றுக்கு ஒரு நிமிடத்தைச் சற்றே கடந்து மூச்சடக்குகின்றனர். அவர்களுடைய பண்பாட்டை யுனெஸ்கோ 2016-ஆம் ஆண்டு தன் பட்டியலில் சேர்த்தது. கிழக்கே அவர்களும் தெற்கே நம்மவரும், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரு நிமிடம் என்னும் அதே அளவுக்கு வந்து சேர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒருமுறை நீண்ட நேரம் முழுகுவது அவர்களுக்கு நோக்கம் அன்று. அன்று மாலை வரை முழுக வேண்டும். மறுநாளும் முழுக வேண்டும். பிழைப்புக்கு முழுகுவோர் எல்லையை ஒட்டி நடப்பதில்லை.

உடலின் தற்காப்பு

முகத்தில் குளிர்ந்த நீர் பட்டு மூச்சும் நின்றால் நம் நாடித்துடிப்பு தானே குறைகிறது. கை கால்களுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயத்திற்கும் மூளைக்கும் இரத்தம் மிச்சப்படுத்தப்படுகிறது. இதனை முழுக்கு அனிச்சைச் செயல் என்பர். நார்வேயில் வளர்ந்த அறிஞர் ஷோலாண்டர் சீல்களிடம் இதை விரிவாக ஆராய்ந்தார். பின்னர் ஆஸ்திரேலியாவின் வடக்கே டாரசு நீரிணையில் முத்துக் குளிப்போரையும் சோதித்து, மனிதனிடமும் இச்செயல் உண்டென்று 1962-இல் எழுதினார்.

மண்ணீரலும் இதில் பங்கு கொள்கிறது. அது சுருங்கித் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் சிவப்பணுக்களை இரத்த ஓட்டத்தில் கலக்கிறது. இந்தோனேசியாவில் தலைமுறை தலைமுறையாகக் கடலில் முழுகி வாழும் பஜாவு மக்களின் மண்ணீரல், அருகே நிலத்தில் வாழும் மக்களுடையதைவிட ஏறத்தாழ 50 சதவிகிதம் பெரிது என 2018-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. முழுகும் பழக்கமில்லாத பஜாவு மக்களிடமும் இதே நிலை காணப்பட்டதால், இது பயிற்சியால் வந்ததன்று, பிறப்புவழி வந்தது என்று ஆய்வாளர் கருதினர். பரிணாமம் பயிலும் நமக்கு இது அரிய எடுத்துக்காட்டு.

எனினும் சீலோடு நம்மை ஒப்பிட இயலாது. அண்டார்ட்டிக் கடலின் வெடல் சீல் ஒரு மணி நேரத்திற்கு மேலும் முழுகியிருக்க வல்லது. உடல் எடை கிலோ ஒன்றுக்கு நம்மைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு பிராண வாயுவை அது சேமிக்கிறது. அதுவும் நுரையீரலில் அன்று, இரத்தத்திலும் தசையிலும். நாமோ சேமிப்பில் பெரும் பகுதியை நுரையீரல் என்னும் மெல்லிய பையில் வைத்துக்கொண்டு நீரில் இறங்குகிறோம்.

அழுத்தமும் ஆழமும்

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. பாயில் விதிப்படி, நீர்ப்பரப்பில் 6 லிட்டராக இருந்த நுரையீரல் காற்று 10 மீட்டரில் 3 லிட்டராகவும், 20 மீட்டரில் 2 லிட்டராகவும், 30 மீட்டரில் ஒன்றரை லிட்டராகவும் சுருங்கும். முழுவதும் வெளிவிட்ட பின்னும் நுரையீரலில் எஞ்சும் காற்றின் அளவு ஏறத்தாழ இதுவே. ஆகவே இதற்குச் சற்றுக் கீழே போனாலும் மார்புக்கூடு நசுங்கிவிடும் என்றே ஒரு காலத்தில் கருதினர்.

1968-இல் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த ராபர்ட் கிராப்ட் 73 மீட்டர் ஆழம் சென்று மீண்டார். அவரைச் சோதித்தபோது, ஆழத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டர் இரத்தம் மார்புக்குள் பாய்ந்து, காற்று விட்டுச் சென்ற இடத்தை நிரப்பியது தெரியவந்தது. பிரெஞ்சு நாட்டின் ழாக் மயோல் 1976-இல் 100 மீட்டரை எட்டினார். ஆஸ்திரியாவின் ஹெர்பர்ட் நிட்ஷ் 2007-இல் எடைவண்டியின் துணையோடு 214 மீட்டர் இறங்கினார். அவரே 2012-இல் இன்னும் ஆழம் முயன்றபோது அழுத்த மாற்றத்தால் மூளை பாதிக்கப்பட்டுப் படுக்கையில் விழுந்தார்.

அசையாமல் மிதந்தபடி மூச்சடக்குவதில் பிரான்சின் ஸ்டெஃபான் மிஃப்சுத் 2009-இல் 11 நிமிடம் 35 விநாடி தாங்கினார். முன்கூட்டியே தூய பிராண வாயுவைச் சுவாசித்துவிட்டு அடக்குவது தனி வகை. அதில் குரோஷியாவின் புதிமிர் ஷோபாத் 2021-இல் 24 நிமிடம் 37 விநாடியை எட்டினார். 6 லிட்டர் தூய பிராண வாயுவை நிமிடத்திற்கு 250 மில்லிலிட்டர் வீதம் வகுத்துப் பாருங்கள். 24 நிமிடம் வரும். சாதனையும் கடைசியில் கணக்குக்கு அடங்கியதே.

ஏமாற்றப்படும் காவலாளி

இனி, இக்கட்டுரையை நான் எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். எங்கள் ஊரில் கோடை விடுமுறை என்றால் பம்புசெட்டுக் கிணறுகளில் இளைஞர் கூட்டம் நிறைந்திருக்கும். யார் நீருக்குள் அதிக நேரம் இருப்பது என்று பந்தயம் நடக்கும். முழுகுவதற்கு முன் பத்து இருபது முறை வேகவேகமாக மூச்சு இழுத்து விட்டால் அதிக நேரம் தாங்கலாம் என்று மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பர். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி முழுகிய ஓர் இளைஞர் மேலே வரவேயில்லை. ஊரிலேயே சிறந்த நீச்சல்காரர் அவர். கூச்சல் இல்லை, தத்தளிப்பும் இல்லை. படியில் அமர்ந்திருந்தவர்கள் அவர் வென்றுகொண்டிருப்பதாகவே எண்ணியிருந்தனர். நீச்சல் தெரிந்தவன் சத்தமின்றி மூழ்குவானா என்று கேட்டு, கிணற்றில் ஏதோ இருக்கிறது என்றது ஊர்.

கிணற்றில் ஏதும் இருக்கத் தேவையில்லை. உடலியல் இதற்கு நேரான விளக்கம் தருகிறது. இயல்பான நிலையிலேயே நம் இரத்தம் 97 சதவிகிதத்திற்குக் குறையாமல் பிராண வாயுவால் நிறைந்திருக்கிறது. வேகமாக மூச்சு விடுவதால் அதில் கூடுதலாகச் சேர்வது மிகச் சிறிதே. ஆனால் கரியமில வாயு பெருமளவு வெளியேறிவிடுகிறது. அழுத்தம் 40-லிருந்து 20 வரையும் இறங்கலாம். அதாவது, வீட்டில் செல்வம் கூடவில்லை. வாயிற்காவலாளிக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டோம், அவ்வளவே. நீருக்குள் பிராண வாயு கரைந்துகொண்டே போகிறது. எச்சரிக்கை மணி ஒலிக்கும் அளவுக்குக் கரியமில வாயு சேர்வதற்கு முன்பே மூளை அணைந்துவிடுகிறது.

அமெரிக்க அறிஞர் ஆல்பர்ட் கிரேக் 1961-இல் இத்தகைய நிகழ்ச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்தார். வேக மூச்சுக்குப் பின் முழுகி மயங்கி, பிறரால் காப்பாற்றப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். மயங்குவதற்கு முன் மூச்சு விட வேண்டும் என்ற வேட்கை தங்களுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை என்று பலர் கூறினர்.

ஆழமான கிணற்றில் மற்றோர் ஆபத்தும் உண்டு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்கு. நுரையீரலில் பிராண வாயு 6 சதவிகிதமாகக் குறைந்திருந்தாலும், அங்கே அது மேற்பரப்பின் 12 சதவிகிதத்திற்கு ஈடாக மூளையை விழித்திருக்கச் செய்யும். மேலே ஏற ஏற அழுத்தம் பாதியாகும். 12 என்பது 6 ஆகிவிடும். கரையை நெருங்கிய கடைசி சில மீட்டர்களில், வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும்போதே, நினைவு தப்பிவிடும்.

தரையில் ஒருவர் எவ்வளவு பிடிவாதமாக மூச்சடக்கினாலும் இறந்துவிட மாட்டார். மயங்கியதும் முகுளம் தன் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். மூச்சு தானே வரும். நீருக்குள் அதே மூச்சு வருகிறது. வருவது காற்றாக இருப்பதில்லை. தரையில் உயிரைக் காக்கும் ஏற்பாடே நீரில் உயிரைப் போக்குகிறது.

இதற்குத் திறமையும் விலக்கு அன்று. பெண்களில் ஒப்பற்றவராக விளங்கிய ரஷ்யாவின் நத்தாலியா மொல்ச்சானவா 2013-இல் 9 நிமிடம் 2 விநாடி மூச்சடக்கினார். 2015 ஆகஸ்டில் ஸ்பெயின் நாட்டு ஃபோர்மென்தெரா தீவின் அருகே முழுகியவர் திரும்பவில்லை.

நாம் செய்யத் தக்கவை

முழுகுவதற்கு முன் வேக மூச்சு விடுதலை அறவே விட்டொழிக்க வேண்டும். தனியாக முழுகுதல் கூடாது. நீருக்குள் மூச்சடக்கும் பந்தயமே வேண்டாம். மேலே இருப்பவர்களுள் ஒருவராவது வேறு வேலையின்றி நீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நீருக்குள் அசைவற்றுக் கிடப்பவரைக் கண்டால் ‘விளையாடுகிறான்’ என்று ஒரு விநாடியும் காத்திருக்கலாகாது. மேலே கொண்டுவந்து, மூச்சு இல்லையெனில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊட்டி, மார்பை அழுத்தி, 108-க்கும் சொல்லி அனுப்ப வேண்டும். பிராண வாயு இன்றி நான்கைந்து நிமிடம் கடந்தாலே மூளைக்கு மீளாத கேடு தொடங்கிவிடுகிறது. ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திருக்க அந்த நேரம் போதாது. கரையில் நிற்பவரே முதல் மருத்துவர்.

முடிவுரை

மனிதன் எவ்வளவு நேரம் மூச்சடக்கலாம் என்ற கேள்விக்கு, 1 நிமிடம் என்றும், 11 நிமிடம் என்றும், 24 நிமிடம் என்றும் விடைகள் கண்டோம். மூன்றும் உண்மையே. முதலாவது உடலின் எச்சரிக்கை. இரண்டாவது நீண்ட பயிற்சியின் பயன். மூன்றாவது கடன் வாங்கிய பிராண வாயுவின் கணக்கு. ஆனால் மயக்கம் எந்த விநாடியில் வரும் என்பது முழுகுபவருக்குத் தெரியாது. அதை உணர வேண்டிய மூளையே அணைந்துவிடுகிறது.

முத்துக் குளித்தவர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தனர். மேலே கயிறு பிடிப்பவரை நம்பி உயிரை ஒப்படைக்க வேண்டியிருந்ததால், மனைவியின் உடன்பிறந்தவனையே அந்த இடத்தில் நிறுத்துவது வழக்கம் என்று இன்றும் சொல்வார்கள். தன் தங்கை தாலியோடு இருக்க வேண்டும் என்ற அக்கறை உள்ளவன் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்க மாட்டான் அல்லவா? கிணற்றுப் படியில் அமர்ந்திருக்கும் நண்பர்களாகிய நமக்கும் அந்தக் கண் வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் இச்செய்தியைத் தம்பி தங்கையர்க்குச் சொல்லுவாராயின், விலங்கியல் வகுப்பில் நாம் கற்ற சுவாசப் பாடம் பயனுடையதாகும்.